பங்காளி கற்றுக்கொண்ட சொல்

நான்காம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஏழாம் பாடம் 'இயற்கை வளங்களும் ஆற்றல் மூலங்களும்'. பூமியில் எழுதி, பூமியில் அச்சடித்த புத்தகம். அதை நிலாவில் உட்கார்ந்து நடத்துவதில் சில சங்கடங்கள் உண்டு.

"நம்மைச் சுற்றிப் பாருங்கள். மரங்கள், ஆறுகள், மலைகள், வீசும் காற்று ஆகிய யாவும் இயற்கை நமக்கு அளித்த வளங்கள்" என்று பாடம் தொடங்கும். பதினோரு பிள்ளைகளும் சொன்னபடியே சுற்றிப் பார்த்தார்கள். சுவர் இருந்தது. சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் தொங்கியது. வாசலில் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டு, இன்னும் பத்து நாளைக்கு அதே இருட்டு.

"காத்து வீசுதுன்னு போட்டிருக்கே டீச்சர், யாரு வீசுறா?" என்று ஆரோன் கேட்டான்.

"யாரும் வீசுறதில்ல. அதுவா வீசும்."

"எதுக்கு?"

அடுத்த வரிக்குப் போகச் சொன்னேன். பார்க்கப்போனால் நான் டீச்சரும் இல்லை. மின் பங்கீட்டு அலுவலகத்தில், மொழிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான், பெயர் செண்பகவல்லி. பள்ளிக்கு இருக்கிற ஒரே வாத்தியார், ஆற்றல் பற்றிய பாடத்தை ஆற்றல் அலுவலகம்தான் நடத்த வேண்டும் என்று கடிதம் எழுதிவிட்டார். எங்கள் நிர்வாகி ஜெபசிங் சார் அந்தக் கடிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அலுவலகத்தில் வேறு ஆள் இல்லாததால் அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிலாவில் குடியேறிய அறுபத்திரண்டு குடும்பங்களும் சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள். ஊருக்குப் பெயர் வைக்க ஆறு மாதம் கூட்டம் போட்டார்கள். தலைவர் பெயர், சாமி பெயர், நட்சத்திரப் பெயர் எல்லாம் அடிபட்டு, கைகலப்பு வரைக்கும் போய், கடைசியில் புதூர் என்று வைத்தார்கள். இங்கே பதினாலு நாள் பகல், பதினாலு நாள் இருட்டு. பகலில் சூரிய மின்சாரம் கொட்டும். அதை ஊருக்குப் பொதுவான ஒரு பெரிய சேமிப்புக் கலத்தில் நிரப்பி வைத்துக்கொண்டு இருட்டைக் கடத்த வேண்டும். வீட்டுக்கு வீடு சின்னக் கலம் ஒன்றும் உண்டு, பகலில் நிரப்பினால் இருட்டில் மூன்று நாளைக்கு வரும். மூலையில் பீரோ மாதிரி நிற்கும் அதைப் பார்த்து, நெல் கொட்டி வைக்கிற குதிர் போல இருக்கிறதே என்று முதல் நாளே யாரோ சொன்னார்கள். பெயர் நின்றுவிட்டது. பொதுக்கலம் பெரிய குதிர் ஆனது.

வீட்டுக் குதிருக்கு மீட்டர் கிடையாது. இவர்களுடைய பாட்டன்மார் தோட்டத்து மோட்டாருக்கு மீட்டர் வைக்கக் கூடாது என்று ரோட்டில் உட்கார்ந்தவர்கள். பேரன்மார் ராக்கெட் ஏறுவதற்கு முன்னால் போட்ட ஒப்பந்தத்தில் முதல் நிபந்தனையே "எங்கள் வீட்டுக்குள் மீட்டர் வரக் கூடாது" என்பதுதான். அதிகாரிகள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம்தான், மீட்டர் இல்லாமல் எந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற யோசனை வந்தது. கேட்டுக் கொடுப்பது என்று முடிவாயிற்று. கேட்பதற்கு ஓர் இயந்திரம் செய்தார்கள். பங்கு பிரிக்கிற இயந்திரம் என்பதால் அதற்குப் பங்காளி என்று பெயர். சொத்துத் தகராறில் பங்காளியைப் பார்த்தவர் யாரும் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்.

இருட்டு நாட்களில் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒவ்வொரு வீட்டு ஸ்பீக்கரிலும் பங்காளி "குதிர் எப்படி இருக்கிறது?" என்று கேட்கும். காலி என்றால் முழுப் பங்கு, பாதி என்றால் பாதிப் பங்கு, இருக்கு, நிறைந்திருக்கிறது என்றால் அன்றைக்குப் பங்கு இல்லை. சொன்னதை அப்படியே நம்பும். முதலில் வந்தவர்கள் எல்லாம் பாலிடெக்னிக் முடித்த இளசுகள், காலி என்றால் காலி என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடுவார்கள். பதினோரு வருஷமாக ஒரு கோளாறும் இல்லை என்று ஜெபசிங் சார் பூமிக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார்.

பதினேழாம் எண் வீட்டுக்கு வெயிலுகந்தாள் வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. சாத்தூர்ப் பக்கத்து அம்மன் பெயர். கணவர் துருவத்தில் பனிக்கட்டி வெட்டும் குழியில் வேலை பார்க்கிறார், ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். மகள் தென்றல், நான்காம் வகுப்பு. பாதி நாள் வெயில் இல்லாத இடத்துக்கு ஒரு வெயிலுகந்தாளையும், காற்றே இல்லாத இடத்துக்கு ஒரு தென்றலையும் அனுப்பி வைத்திருந்தார்கள்.

அவர்கள் வந்த பிறகு முதல் இருட்டு முடிந்தபோது, பதினாலு நாளும் பதினேழாம் எண் வீட்டுக்கு ஒரு பங்கும் போகவில்லை என்று பட்டியல் காட்டியது. ஜெபசிங் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுக்குப் பேர்தாம்மா சேமிப்பு" என்றார்.

'சிறந்த சேமிப்பு இல்லம்' என்று கேடயம் அடித்து, பகல் வந்ததும் விழா வைத்தோம். வெயிலுகந்தாள் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து மெதுவாக மேடையேறினார். அடக்கமானவர் என்று பேசிக்கொண்டோம். ஏதாவது பேசச் சொன்னதற்கு, "குளிருதான் கொஞ்சம் கூட இருக்கு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நானும் என் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. பாடத்தின் கடைசியில் 'ஆற்றலைச் சேமிப்போம்' என்று ஒரு பகுதி உண்டு. "அறையை விட்டு வெளியேறும்போது மின்விசிறியை நிறுத்துவோம்" என்று போட்டிருந்தது. எங்கள் பிள்ளைகள் மின்விசிறியைப் பார்த்ததில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, "பதினேழாம் எண் வீட்டைப் போல இருப்போம்" என்று என் கையாலேயே எழுதினேன்.

இப்போது இரண்டாவது இருட்டு. தென்றல் வகுப்புக்கு மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஆணியில் மாட்டினாள். வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"எட்டு மணி வரைக்கும் இங்கயே படிச்சிட்டு வரச் சொல்லிருக்காங்க டீச்சர், அம்மா."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு தாயா என்று நான் மெச்சிக்கொண்டேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் என்று தோன்றியது இரண்டு நாள் கழித்துத்தான்.

இரண்டு நாள் கழித்து, பிள்ளைகளை வரிசையாக வாசிக்கச் சொன்னேன். "நிலக்கரி, பெட்ரோல் போன்றவை தீர்ந்துபோகும் வளங்கள். சூரிய ஒளி, காற்று போன்றவை தீராத வளங்கள்" என்ற இடம் தென்றலுக்கு வந்தது.

"நிலக்கரி, பெட்ரோல் போன்றவை நிறைஞ்சுபோகும் வளங்கள்" என்று வாசித்தாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். "எழுத்தப் பாத்து வாசிம்மா" என்றேன்.

மறுபடியும் அதையே வாசித்தாள்.

"தீர்ந்துபோகும்னு இருக்கு பாரு."

"தெரியும் டீச்சர். அதச் சொல்லக் கூடாது."

"யாரு சொன்னா?"

"அம்மா. அரிசி, எண்ணெய், உப்பு எதுவா இருந்தாலும் தீந்துபோச்சுன்னு சொல்லக் கூடாது. நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். இல்லாட்டி வீட்ல எதுவும் தங்காதாம்."

எனக்கும் தெரிந்த வழக்கம்தான். என் அம்மா மளிகைக் கடைக்குப் போன் போட்டு, "புளி நிறைஞ்சிருக்கு, ஒரு கிலோ குடுத்து விடுங்க" என்பாள். நிறைந்திருந்தால் எதற்கு என்று கடைக்காரர் ஒரு நாளும் கேட்டதில்லை. எட்டு வருஷமாக இருப்பு, சதவீதம் என்றே எழுதிக்கொண்டிருந்ததில் நான் அதை மறந்துபோயிருந்தேன். பங்காளிக்கு மறக்கக்கூட வழியில்லை. அது பாடப் புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் வைத்துத் தமிழ் படித்தது. வீட்டில் எண்ணெய் தீர்ந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை.

"தென்றல், வீட்ல குதிர் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"மூணு நாளா நிறைஞ்சிருக்கு டீச்சர்" என்றாள்.

பிள்ளைகளை ஆரோன் பொறுப்பில் விட்டுவிட்டு ஓடினேன். பதினேழாம் எண் வீட்டுக் கதவு திறந்ததும் என் மூச்சு என் கண்ணுக்குத் தெரிந்தது. சுவரில் இருந்த வெப்பமானியில் ஐந்து டிகிரி. தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க எல்லா வீட்டுக்கும் எப்போதும் ஒரு சின்ன லைன் போகும். அது மட்டும் வந்துகொண்டிருந்தது. அது குழாய்க்கான லைன், மனிதர்களுக்கானது இல்லை.

கணவரின் வேலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலுகந்தாள் நின்றார். கையில் கேடயத்தைத் துடைத்த துணி இருந்தது.

"வாங்க டீச்சரம்மா. ஒரு காப்பி போடுவோம்னா அடுப்பு கொஞ்சம் அமந்திருக்கு" என்றார்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"தெனமும் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன். ஆறு மணிக்கு அது கேக்கும். நிறைஞ்சிருக்குன்னு சொல்லுவேன். நன்றி அம்மான்னு சொல்லிட்டுப் போயிரும். ஒண்ணும் வராது."

"அதுக்கு வெளங்கலன்னு தெரியலையா?"

"தமிழ்லதான கேக்குது. வெளங்காதுன்னு நான் எப்படி நெனைக்க? நெலாவுல குளிரும்னு ஏறும்போதே சொல்லித்தான விட்டாக. எல்லாரு வீட்லயும் இப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்." கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "கேடயத்தக் குடுத்தப்ப, சரி, கரண்டுக்குப் பதிலா இதத் தாராக போலன்னு நெனச்சேன்."

நான் கீழே பார்த்தேன். வெறுங்காலோடு நின்றிருந்தார். இங்கே வீட்டுத் தரைக்கு அடியில் நிலாதான் இருக்கிறது. சூடு இல்லாவிட்டால் தரை ஐந்து டிகிரிக்கெல்லாம் நிற்காது, பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

"செருப்பு போடலாம்ல அக்கா?"

"வீட்டுக்குள்ள யாராவது செருப்பு போடுவாகளா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

இடது காலில் இரண்டு விரல்கள் போன இருட்டிலேயே கறுத்துப்போயிருந்தன. அன்று மாலையே டாக்டர் அவற்றை எடுத்துவிட்டார். நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தில்தான் பாதி அழுகை. அந்த மனுஷி போன இருட்டில், குதிர் தீர்ந்த பிறகு பதினோரு நாள் ஒரே சொல்லைச் சொல்லி உதவி கேட்டிருக்கிறார். நாங்கள் கேடயம் கொடுத்திருக்கிறோம்.

ஜெபசிங் சாருக்கு விஷயம் புரிய அரை மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் முதலில், "கேடயத்தத் திருப்பி வாங்கணுமாம்மா?" என்று கேட்டார். அப்புறம் முகம் வாடிப்போய், "பங்காளிக்குச் சொல்லிக் குடு. மொழி உன் பிரிவுதான" என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். இயந்திரங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம். பிள்ளைகள் பாதியில் தூங்கிவிடுவார்கள்.

"நிறைஞ்சிருக்குன்னு யாராவது சொன்னா காலின்னு எடுத்துக்கணும்" என்றேன்.

"நிறைந்திருக்கிறது என்றால் நிறைந்திருக்கிறது என்று பொருள்" என்றது பங்காளி.

"புத்தகத்துல அப்படி. வீட்ல இப்படி."

"அவர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள்?"

"பொய் இல்ல. இல்லைங்கிற சொல்ல வீட்டுக்குள்ள விடக் கூடாதுன்னு ஒரு எண்ணம். வாயில நல்ல சொல் வரணும். அதுலயும் பிள்ளைங்க முன்னால, எதுவும் தீந்துபோச்சுன்னு சொல்லவே மாட்டாங்க."

"கேட்பவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுக்கணும். அதுதான் மரியாதை."

"இந்த வழக்கம் யாருக்குப் பொருந்தும்?" என்று கேட்டது.

"தமிழ் பேசுற எல்லாருக்கும்" என்றேன்.

"பதிவு செய்துகொண்டேன்."

இன்னொரு வீட்டில் இன்னொரு விரல் போய்விடக் கூடாது என்று ஜெபசிங் சார் ஓர் உத்தரவும் போட்டார். நிறைஞ்சிருக்கு என்று சொல்கிற வீட்டுக்கு முதல் உரிமை, முழுப் பங்குக்கு மேல் இன்னும் அரைப் பங்கு. கூச்சப்பட்டுக் கேட்காமல் இருப்பவர்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கையில் எழுதினார். நல்ல மனுஷன். அந்தச் சுற்றறிக்கையை ஊரே படிக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

அடுத்த இருட்டில் புதூரில் மரியாதை திடீரென்று பெருகிவிட்டது. "காலிடா, தொறந்து விடு" என்று பதினோரு வருஷமாகப் பங்காளியை அதட்டிக்கொண்டிருந்த ஆரோனின் அப்பா, "நிறைஞ்சிருக்குங்கய்யா" என்று குழைந்தார். மூன்றாம் நாளுக்குள் நாற்பது வீடுகளில் நல்ல சொல் மட்டுமே ஒலித்தது. பொய் சொன்னதாக யாரையும் பிடிக்க முடியாது. குதிர் காலியாக இருந்தவர்கள் நிறைஞ்சிருக்கு என்றார்கள். குதிர் நிறைந்திருந்தவர்களும் நிறைஞ்சிருக்கு என்றுதான் சொன்னார்கள், அவர்கள் சொன்னது அகராதிப்படி உண்மை. பங்காளி எல்லோருக்கும் ஒன்றரைப் பங்கு திறந்துவிட்டது.

"மீட்டர் வச்சிரலாம்" என்றார் ஜெபசிங் சார். அந்தச் சொல் வெளியே போன ஒரு மணி நேரத்தில் அலுவலக வாசலில் ஊரே உட்கார்ந்துவிட்டது. உட்காரும்போது வீட்டு ஹீட்டரை அணைத்துவிட்டு வந்தவர்கள் குறைவு. பகல் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சார் உள்ளே போய்விட்டார். எட்டாம் நாள் காலை நான் கேட்டபோது, பெரிய குதிரில் முப்பத்தெட்டு சதவீதம் என்று பங்காளி சொன்னது. வழக்கமாக அந்த நாளில் நாற்பத்தைந்து இருக்கும். சமாளித்துவிடலாம் என்று சார் சொன்னார். நானும் அதையே நம்ப விரும்பினேன்.

ஒன்பதாம் நாள் வெயிலுகந்தாள் என்னைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். வீடு கதகதப்பாக இருந்தது. வீட்டுக்குள் செருப்பு போட்டு நடப்பது இன்னும் பழகவில்லை, தப்பு செய்கிற மாதிரி நடந்தார்.

"எல்லாரும் நான் சொல்ற மாதிரியே சொல்றாகளாமே. அப்ப எல்லாரு வீட்லயும் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்குக்கா. இருந்துக்கிட்டே சொல்றாங்க."

அவருக்கு அது புரியவே இல்லை. "நான் இப்பல்லாம் போதும்னு சொல்லிருதேன்" என்றார். "எங்க ரெண்டு பேருக்கு எம்புட்டு வேணும்."

பதினோராம் நாள் ஏழாம் பாடத்தின் கடைசி வகுப்பு. பாடத்தின் முடிவில் ஒரு செயல்பாடு கொடுத்திருந்தது. "உங்கள் பகுதியில் உள்ள ஆற்றல் நிலையத்திடம் இருப்பைக் கேட்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக." புத்தகத்திலேயே நிலாவில் செய்யக்கூடிய காரியம் அது ஒன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செருப்புகளை வாசலில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சூரியன் வர இன்னும் மூன்று நாள் என்று கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு ஸ்பீக்கரைப் போட்டேன்.

"பங்காளி, நாலாம் வகுப்புப் பிள்ளைங்க கேக்குறாங்க. பெரிய குதிர் எப்படி இருக்கு?"

கேள்வி முடிவதற்குள் சதவீதத்தைச் சொல்லிவிடுவது அதன் பழக்கம். இந்த முறை சொல்லவில்லை. யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

"நிறைஞ்சிருக்கு டீச்சர்" என்றது. பதினோரு வருஷத்தில் அது புத்தகத் தமிழை விட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். "அதான் தீராத வளம்னு போட்டிருக்கான்" என்று ஆரோன் எல்லோருக்கும் விளக்கினான்.

நான் கையில் சாக்பீஸோடு நின்றேன். கரும்பலகையில் மூன்று என்று இருந்தது.

தென்றல் எழுந்தாள். போன இருட்டிலிருந்து ஆணியிலேயே தொங்கிய மூன்று ஸ்வெட்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள். வாசலுக்குப் போய்த் தன் செருப்பை மாட்டினாள். திரும்பி வரும்போது கையில் என் செருப்பு இருந்தது. அதை என் காலருகே சேர்த்து வைத்தாள்.

"போட்டுக்கோங்க டீச்சர், தரை குளிரும்" என்றாள்.